வாசகர் கேள்வி-பதில்: முட்டைக்குள் ஒரு குளம்

சென்ற இதழில், "பல்லி, பாம்பு, கோழி, மாடு, மனிதர் எல்லோரும் பனிக்குடத்துக்குள் வளர்ந்து வந்தவர்கள், மீனும் தவளையும் அப்படியல்ல" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கோழி முட்டை பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து 40 நாட்டுக்கோழி முட்டை வாங்கிவந்து இன்குபேட்டரில் வைத்தேன். சூடு 37.5 டிகிரியை விட்டு அசையவில்லை. பொரிந்தது 11 குஞ்சுதான். உடைத்துப் பார்த்தால், 17 முட்டையில் முழுசாக வளர்ந்த குஞ்சு செத்துக் கிடக்கிறது. வெள்ளைத் தோல் காகிதம் மாதிரி உடம்போடு ஒட்டியிருக்கிறது. இதே பெட்டியில் காரமடையில் என் மச்சான் 40க்கு 32 எடுக்கிறார். இங்கே எந்நேரமும் மூடுபனி. ஈரத்துக்கா பஞ்சம்?
– வாசகர், கோத்தகிரி

பஞ்சமேதான். வெளியே துணி காயாத ஊரில், பெட்டிக்குள் பாலைவனம். காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு பல மடங்கு கூடுகிறது. உள்ளே இருக்கும் நீராவி மட்டும் அப்படியே இருக்கிறது. 15 டிகிரியில் முழுக்க நனைந்த மூடுபனிக் காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 26 சதவீதம்தான். ஜனவரி இரவில் வெளியே 5 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால், உள்ளே 11 சதவீதம். காரமடையில் ராத்திரிக் காற்றே 24, 25 டிகிரியில் இருப்பதால், உங்கள் மச்சான் ஒரு கிண்ணம் தண்ணீரில் சமாளித்துவிடுகிறார்.

இரண்டாவது காரணம் உயரம். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலியும்போது, ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி வேகமாக வெளியேறும். அதே சூடு, அதே ஈரப்பதம் வைத்தாலும், சமவெளியில் 4 கிராம் இழக்கும் முட்டை இங்கே 5 கிராம் இழக்கும். சமவெளிக் கோழி தன் ஊர்க் காற்றுக்கு ஏற்ற துளைகளோடு முட்டையிடுகிறது. மிக உயரமான மலைகளில் தலைமுறையாக வளர்ந்த கோழிகளின் ஓட்டில் துளைப் பரப்பு குறைந்திருப்பது 1970களிலேயே அளந்து பார்க்கப்பட்ட விஷயம். முடிந்தால் அக்கம்பக்கத்தில் பல காலமாக வளர்ந்துவரும் கோழிகளின் முட்டையையே வாங்குங்கள்.

இனி கணக்கு. சமவெளியில் முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் உயரத்தில் அதை 60ஐ ஒட்டி வையுங்கள். ஊட்டியில் 60 முதல் 63. ஆனால் ஈரப்பதம் அளக்கும் மீட்டர் (ஹைக்ரோமீட்டர்) காட்டும் எண்ணைவிட முட்டையின் எடையை நம்புவது மேல். அடை வைக்கும் முன் முட்டைகளைச் சமையலறை டிஜிட்டல் தராசில் மொத்தமாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல அடையில் ஒரு நாளைக்கு 0.65 சதவீதம் குறையும். 20 முட்டை 1,100 கிராம் என்றால், 7ஆம் நாள் 50 கிராம், 14ஆம் நாள் 100 கிராம், 18ஆம் நாள் 130 கிராம் குறைந்திருக்க வேண்டும். 7ஆம் நாளே 70 கிராம் போயிருந்தால் ஈரம் போதவில்லை. 30 கிராம்தான் போயிருந்தால் ஈரம் மிகுதி. இடையில் கூமுட்டையை எடுத்தால், அதன் எடையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஈரத்தைக் கூட்டத் தண்ணீரின் ஆழம் உதவாது, பரப்புதான் உதவும். ஆழமான டம்ளரைவிட அகலமான தட்டு நல்லது. தட்டில் ஒரு ஸ்பாஞ்சை நிமிர்த்தி வைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பெட்டியின் சூடு சரியும். கைபொறுக்கும் வெந்நீராக ஊற்றுங்கள்.

ஹைக்ரோமீட்டர் மலிவானதென்றால் அதையும் சோதித்துவிடலாம். ஒரு மூடியில் உப்பு எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் காற்றுப் புகாமல் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றுங்கள். அதன் பிறகு மூடியைத் திறக்காதீர்கள். "ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு தடவையில் உள்ளே இருந்த ஈரக் காற்று மொத்தமும் போய், மலைக்காற்று நுழைகிறது. குஞ்சு ஓட்டில் துளையிட்டிருக்கும் நேரமாக இருந்தால், சவ்வு சில நிமிடத்தில் காய்ந்து அதன்மேல் சுருங்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்த அந்தக் காகிதத் தோல் இப்படித்தான் வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குளிருக்குப் பயந்து பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்தீர்களா? மலையில் பலர் செய்யும் தவறு இது. இங்கே ஆக்சிஜன் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடைசி மூன்று நாளில்தான் குஞ்சுக்கு மூச்சு அதிகம் வேண்டும். துளையைத் திறந்துவிட்டு, பெட்டிக்கு வெளியே தெர்மோகோல் சுற்றுங்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும், சமவெளி முட்டையில் மச்சானின் கணக்கை எட்டுவது கடினம்.

மீதி 12 முட்டை பற்றி நீங்கள் எழுதவில்லை. கருவே கூடாதவையாக இருக்கலாம். வளைவுப் பாதையில் குலுங்கிவந்து முதல் வாரத்திலேயே இறந்தவையாகவும் இருக்கலாம். வாங்கிவந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு அடை வையுங்கள். சேர்த்து வைக்க ஏற்ற சூடு 13 முதல் 18 டிகிரி, அதுவும் 7 நாளுக்குள். டிசம்பரில் உங்கள் சமையலறையே விடியற்காலையில் 10க்குக் கீழே போகும். துணி சுற்றி அலமாரிக்குள் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

கேள்வி: குஞ்சு ஓட்டைக் கொத்தி ஒரு ஓட்டை போட்டுவிட்டது. ஆறு மணி நேரமாக அப்படியே இருக்கிறது. நாமே உரித்து எடுத்துவிடலாமா?
– வாசகி, குன்னூர்

கையை வைக்காதீர்கள். முதல் துளைக்கும் வெளியே வருவதற்கும் இடையே 12 முதல் 24 மணி நேரம் ஆவது வழக்கம்தான். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவியிருக்கும் இரத்தக் குழாய்களை மெல்ல வற்றவைத்துக்கொண்டிருக்கிறது. மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து முடிக்கிறது. இப்போது உரித்தால் சவ்வில் இரத்தம் கசியும். தொப்புள் மூடியிருக்காது.

24 மணி நேரம் தாண்டி, கத்தும் சத்தமும் தளர்ந்து, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வின் ஓரத்தை ஈரமாக்கி, துளையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டைக் கிள்ளிப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆறு மணி நேரம் பொறுங்கள்.

பொரிந்த குஞ்சு இரண்டு நாள் இரை எடுக்காவிட்டாலும் பதற வேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சள் கரு அதுவரை தாங்கும். முதலில் தண்ணீர் காட்டுங்கள், பிறகு குருணை.

கேள்வி: என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தவளை முட்டையைச் சுற்றியும் ஜவ்வு மாதிரி இருக்கே, அது பனிக்குடம் இல்லையா?" இன்னொருவன், சோலைக்காட்டு ஓரத்தில் தண்ணீரே இல்லாத இலைச்சருகில் தவளை முட்டை இருந்ததாகவும், வாலில்லாத குட்டித் தவளை நேராக வந்ததாகவும் சொல்கிறான். அப்படியென்றால் அந்தத் தவளை எந்தக் கட்சி?
– பள்ளி ஆசிரியை, கொடைக்கானல்

இரண்டு பேரும் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். அந்தச் சவ்வை யார் செய்தது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். தவளை முட்டையின் வழுவழுப்பு தாயின் உடலில் பூசப்பட்டது. கருவுக்கு அதில் பங்கில்லை. பனிக்குடத்தையோ கருவே தன் திசுவிலிருந்து நெய்துகொள்கிறது.

இங்கே பாடநூல் படித்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. அவித்த முட்டையை உரிக்கும்போது வரும் வெள்ளைத் தோலைக் காட்டி "இதுதான் ஆம்னியான்", அதாவது பனிக்குடம், என்பார்கள். அது அல்ல. அது ஓட்டுச் சவ்வு. கோழியின் கருக்குழாயில் உருவான இரண்டு அடுக்கு. மழுங்கிய முனையில் அந்த இரண்டும் பிரிகிற இடம்தான் காற்றறை. சேவலே பார்க்காத கடை முட்டையிலும் அது இருக்கும். பனிக்குடம் இருக்காது, ஏனென்றால் அதை நெய்ய உள்ளே கரு இல்லை.

அடை வைத்த இரண்டாம் நாள், கருவின் தலைப்பக்கம் ஒரு மடிப்பு எழுந்து முக்காடு போல மேலே வருகிறது. வால் பக்கமிருந்தும் இன்னொன்று. நான்காம் நாளுக்குள் இரண்டும் முதுகின்மேல் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. உள் அடுக்கு பனிக்குடம், அதாவது ஆம்னியான்; அதற்குள் நீர் ஊறுகிறது. வெளி அடுக்கு கோரியான். மஞ்சள் கருவைச் சுற்றி இரத்தக் குழாய் படர்ந்த பை உணவுக்கு. நான்காவது அல்லன்டாயிஸ், கருவின் குடல் பக்கமிருந்து ஊதிவரும் பை. கழிவைச் சேர்த்து வைப்பதோடு, கோரியானோடு ஒட்டி 12ஆம் நாளுக்குள் ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவி, நுரையீரல் வேலையையும் செய்கிறது. பனிக்குடத்தின் சுவரில் மெல்லிய தசை உண்டு. அது சுருங்கி விரிந்து கருவை அசைத்துக்கொண்டே இருக்கும். தாலாட்டு என்றால் மிகையில்லை.

வகுப்பில் இதைக் காட்டுவது சுலபம். அடைக்கோழியின் 5ஆம் நாள் முட்டை ஒன்றை வாங்குங்கள். கறுப்பு அட்டையில் இரண்டரை செ.மீ. வட்டம் வெட்டி, அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சின்மேல் அட்டையை வைத்து, முட்டையின் மழுங்கிய முனையை அதில் பொருத்துங்கள். சிவப்புக் கால்கள் விரித்த சிலந்தி ஒன்று தெரியும். அந்தக் கால்கள் மஞ்சள் கருப் பையின் குழாய்கள். நடுவே கறுப்புப் புள்ளியாகக் கண். முட்டையை மெதுவாகச் சாய்த்தால், கரு தன் சிறு குளத்தில் மிதந்து ஆடுவதைப் பார்க்கலாம். அந்தக் குளத்தின் கரைதான் பனிக்குடம். ஒரு நிமிடத்துக்குமேல் வேண்டாம். டார்ச் சூடு முட்டையைத் தாக்கும். குளிர் நாளில் பள்ளிக்குக் கொண்டுவர, கம்பளிக்குள் வெந்நீர்ப் பாட்டிலோடு சுற்றுங்கள். பாட்டில் முட்டையில் நேரே படக்கூடாது.

சருகுத் தவளைக்கு வருவோம். மாணவன் பார்த்தது புதர்த்தவளை வகையாக இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் ரவோர்செஸ்டெஸ் என்ற பேரினத்தில் பல டஜன் இனங்கள் உண்டு. அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே தண்ணீரில் கிடையாது, முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனாலும் பனிக்குடம் இல்லை. கோழிக்குஞ்சு தன் குளத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. புதர்த்தவளை, சோலைக்காட்டின் ஈரத்தைக் கடன் வாங்குகிறது. சருகு காய்ந்தால் முட்டையும் காய்ந்தது. அதனால்தான் பழைய சோலையை வெட்டி வெயில் விழச்செய்தால் முதலில் அடிபடுவது இவை. உங்கள் மலையில் வாழும் இன்னொரு தவளையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: காட்டிக்சாலஸ் ஆஸ்டிராப்ஸ், 2008இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதன் இனத்தார் ஓடைக்கரை இடுக்கில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுவார்கள். அதுவும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு தந்திரம்தான்.

கேள்வி: அடை வைத்த கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடும் என்கிறார் எங்கள் அம்மாயி. உண்மையா?
– வாசகர், பெருமாள்மலை

இடிச் சத்தத்தால் கரு சாவதில்லை. ஆனால் அம்மாயி கவனித்தது பொய்யுமில்லை. இடி மழைக் காலத்தில் கூடை நனைகிறது, மிரண்ட கோழி எழுந்து ஓடுகிறது, திரும்பி வரத் தாமதிக்கிறது. உங்கள் குளிரில் அரை மணி நேரம் தாண்டினால், முதல் வாரக் கருவுக்குக் கஷ்டம். இரும்பு இருக்கட்டும், கெடுதல் இல்லை. கூடையைச் சுவரோரம் காற்றடிக்காத மூலைக்கு மாற்றுங்கள். ஒரு கோழிக்கு 12 வைக்கும் வழக்கமென்றால், மலையில் 9 வையுங்கள்; வெளி ஓரத்து முட்டைக்கும் நெஞ்சுச் சூடு எட்டும்.

கேள்வி: பூண்டுக்குப் பாத்தி கொத்தும்போது, வால் நுனியைச் சீவிவிட்டாற்போல மொட்டையாக இருந்த ஒரு பாம்பு மாட்டி வெட்டுப்பட்டது. வயிற்றிலிருந்து நாலைந்து குட்டிகள், ஒவ்வொன்றும் கண்ணாடிப் பைக்குள். இது இருதலை மணியனா? குட்டி போடுகிற பாம்பெல்லாம் கொடிய விஷம் என்கிறார்களே?
– விவசாயி, பூம்பாறை

இருதலை மணியன் என்று விலைபேசப்படுவது சமவெளி மண்ணுளிப் பாம்பு. நீங்கள் பார்த்தது கேடயவால் பாம்பு. இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம்; பழனி மலையின் பெயரையே தாங்கிய யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ் என்ற இனமும் அதில் ஒன்று. விஷமில்லை. கையில் எடுத்தாலும் கடிக்க வராது. மண்புழு தின்று, மண்ணைத் துளைத்து, பூண்டு வேருக்குக் காற்று கொடுத்துவிட்டுப் போகும். கொத்து போடும்போது தென்பட்டால், மண்வெட்டியால் அள்ளி வரப்போரம் விட்டுவிடுங்கள்.

அந்தக் கண்ணாடிப் பைதான் இந்த மாதம் முழுக்க நாம் பேசும் பொருள். முட்டையில் இருக்கும் அதே சவ்வுகள், ஓடு மட்டும் இல்லை; முட்டை வெளியே போகாமல் தாயின் வயிற்றிலேயே தங்கிவிட்டது. காரணம், உங்கள் ஊர்க் குளிர் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். மண்ணில் இட்ட முட்டை, மண் எவ்வளவு குளிர்ந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டும். வயிற்றிலுள்ள முட்டையைத் தாய் வெதுவெதுப்பான மண்ணுக்குச் சுமந்துபோகலாம். ஆனால் இது சட்டமல்ல: நீலகிரியின் உச்சியில் வாழும் சலியா ஓணான் அதே குளிரில் மண்ணில் முட்டையிட்டுத்தான் பிழைக்கிறது.

விஷத்துக்கும் குட்டிக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி விரியனும் மலைக் குழிவிரியன்களும் குட்டி போடும், விஷம் உண்டு. கேடயவாலும் குட்டி போடும், விஷமில்லை. நாகமும் கட்டுவிரியனும் முட்டையிடும். அவற்றின் விஷம் ஆளைக் கொல்லும்.

கேள்வி: உரக்குழியில் தோல் போல மெத்தென்ற 11 வெள்ளை முட்டை. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. கோழி இன்குபேட்டரில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் பொரியுமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

திருப்பினால் சாகும். கோழி முட்டையையும் பாம்பு முட்டையையும் பிரிக்கும் முக்கியமான இடம் இதுதான். கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் முறுக்குக் கயிறுபோல் பிடித்திருக்கும் வெள்ளை இழை உண்டு. தாய் திருப்பிக்கொண்டே இருப்பாள். திருப்பாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும், அல்லன்டாயிஸ் முழுக்கப் பரவாது. அதனால்தான் நாளுக்கு 3 அல்லது 5 முறை என்று ஒற்றைப்படையில் திருப்புகிறோம். நீண்ட இரவு அடுத்தடுத்து ஒரே பக்கம் விழாது. பாம்பு, ஆமை, பல்லி முட்டையில் அந்த இழை இல்லை. இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைகீழாகப் புரட்டினால், கனமான மஞ்சள் கரு அதை அழுத்திவிடும்.

உரக்குழி என்பதால் சாரைப் பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அழுகும் குப்பையின் சூட்டைத் தேடி வருவது அதன் பழக்கம். நாகமாகவும் இருக்கலாம், அதனால் கையை விடாதீர்கள். முட்டையைப் பார்த்து மட்டும் இனம் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் பொரிக்கவைப்பது குற்றம். குழியை இரண்டு மாதம் கிளறாமல் விட முடிந்தால் விடுங்கள். முடியாதென்றால் வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் எடுக்கும்போது ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பேனா மை வேண்டாம், ஊறி உள்ளே போகும். ஒட்டியிருப்பதைப் பிரிக்கக்கூடாது.

கேள்வி: தலை ஈத்துக் கிடேரி. முதலில் ஒரு குடம் உடைந்து மஞ்சள் தண்ணீர் கொட்டியது. கால் மணி நேரம் கழித்து வெள்ளையாக இன்னொரு பை தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதை உடனே கிழித்துக் காலைப் பிடித்து இழுத்தார். கன்று பிழைத்தது, ஆனால் மாட்டுக்குக் கிழிந்துவிட்டது. எங்கே தவறு?
– விவசாயி, தூனேரி

அவசரத்தில். மாட்டுக்கு இரண்டு குடம். முதலில் உடைந்தது அல்லன்டாயிஸ் பை. அதன் நீர் மூத்திரம்போல் மெல்லியது. முட்டையில் கழிவுப் பையாக இருந்த அதே உறுப்பு. இரண்டாவது வந்த வெள்ளைப் பைதான் பனிக்குடம். உள்ளே வழுவழுப்பான கெட்டி நீர், அதற்குள் குளம்பு மங்கலாகத் தெரியும். அந்தப் பை நீர் நிறைந்த ஆப்புபோல வழியை மெல்ல அகலப்படுத்துகிறது. உடையும்போது வழவழப்பும் அதுவே தருகிறது. கிழித்துவிட்டால், விரியாத வழியில் வறண்ட கன்றை இழுத்தாக வேண்டும்.

பனிக்குடம் தெரிந்த பிறகு பழகிய மாட்டுக்கு 1 மணி நேரம், கிடேரிக்கு 2 மணி நேரம் வரை பொறுக்கலாம். முன்னேற்றம் கொஞ்சமும் இல்லையென்றால் அதற்கு முன்பே மருத்துவரை அழையுங்கள். மலைப்பாதையில் அவர் வந்துசேர ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இரண்டு முன்னங்கால், உள்ளங்குளம்பு தரையைப் பார்க்க, அதன்மேல் மூக்கு: இது சரியான வரத்து. உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்தால் அது பின்னங்காலாக இருக்கலாம், அல்லது கன்று மல்லாந்திருக்கலாம். தொடாமல் மருத்துவருக்கு ஆளை அனுப்புங்கள். இழுத்தே ஆக வேண்டுமென்றால், மாடு முக்கும்போது மட்டும், இரண்டு ஆள் பலத்துக்குமேல் போகாமல், கீழ்நோக்கி.

பை உடையாமலே கன்று விழுந்தால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. மூக்கருகே சவ்வைக் கிழித்து, சளியை வழித்து, வைக்கோலால் மூக்குத் துளையைச் சீண்டுங்கள். பிறகு சாக்கால் அழுத்தித் துவட்டுங்கள். ஆட்டுக்குட்டிக்கு இது இன்னும் முக்கியம். உறைபனிக் காலையில், பனிக்குட நீர் ஆவியாகும்போதே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டரை கிலோ குட்டி அரை மணி நேரத்தில் விறைத்துப்போகும். தொப்புளுக்கு டிங்சர் அயோடின். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதி முதல் 2 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழவில்லையென்று கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடாதீர்கள். மாட்டின் கருப்பையில் நஞ்சுக்கொடி ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை. 70 முதல் 120 பொத்தான்களில் மாட்டியிருக்கும். இழுத்தால் சில பொத்தான்கள் கிழிந்து உள்ளேயே அழுகும். விழுந்ததை வெறுங்கையால் தொட வேண்டாம், கருச்சிதைவு நோய்க் கிருமி மனிதருக்கும் வரும். ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது சமவெளி வழக்கம். உங்கள் பக்கம் ஆலமரத்துக்கு எங்கே போவது? மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் இரவில் நாயும் காட்டுப்பன்றியும், சில ஊர்களில் சிறுத்தையும் வந்து தோண்டும்.

கேள்வி: தங்கைக்குக் கொடி சுற்றிக் குழந்தை பிறந்தது. மாமனுக்கு ஆகாது, எண்ணெயில் முகம் பார்த்த பிறகுதான் குழந்தையைப் பார்க்கணும் என்கிறார்கள். நான்தான் அந்த மாமன்.
– வாசகர், ஊட்டி

வாழ்த்துகள், மாமா. தொப்புள்கொடி சராசரியாக 50 முதல் 60 செ.மீ. நீளம், பனிக்குட நீரில் குழந்தை புரண்டு விளையாடும்போது சுற்றிக்கொள்வது சகஜம். ஏறக்குறைய நாலைந்து பிரசவத்துக்கு ஒன்றில் கழுத்தில் ஒரு சுற்றாவது இருக்கும். அத்தனை மாமனும் போயிருந்தால் ஊரில் சீர் செய்ய ஆளே இருக்காது. பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ தலை வந்ததும் விரலால் எடுத்துவிடுவார்கள். இறுக்கமாக இருந்தால் கவலை குழந்தைக்கு. அதற்குத்தான் பிரசவத்தில் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கொடியின் வெளித் தோலும் பனிக்குடத்தின் சவ்வுதான். எண்ணெயில் பார்ப்பதானால் பாருங்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தங்கையைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கேள்வி: (1) வௌவால் முட்டையிடுமா? (2) முட்டையிடும் பாலூட்டி உண்டா? (3) இரட்டைக் கரு முட்டையை அடை வைத்தால் இரண்டு குஞ்சு வருமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, பண்ணைக்காடு

(1) இடாது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒன்று.

(2) உண்டு. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ், அங்கும் நியூகினியிலும் உள்ள எக்கிட்னா. முட்டையும் இடும், பாலும் கொடுக்கும். அந்த முட்டைக்குள்ளும் பனிக்குடம் இருக்கிறது.

(3) பெரும்பாலும் ஒன்றுகூட வராது. இரண்டு மஞ்சள் கருவும் கூடி வளரத் தொடங்கினாலும், காற்றறை ஒன்றுதான். கடைசி மூன்று நாளில் கொத்தி மூச்சுவிட இரண்டு தலைக்கு இடம் போதாது. வீட்டில் ஆம்லெட் போடச் சொல்லுங்கள்.